கிறிஸ்டி தெருவின் ஒற்றைக்கால் பாதிரியார்

நோயாளரைச் சந்தித்தல் திருச்சபையின் தொன்மையான பணிகளுள் ஒன்று. நோயாளரிடம் என்ன பேச வேண்டும் என்று நாம் மாணவருக்குக் கற்பிக்கிறோம். யார் பேச வேண்டும் என்னும் வினாவை அத்துணை எழுப்புவதில்லை. முதல் உலகப்போரையொட்டிக் கனடாவில் எழுந்த ஓர் இயக்கத்தின் வரலாறு அவ்வினாவை நம்முன் வைக்கிறது.

அப்போரில் கையோ காலோ இழந்து கனடா திரும்பியோர் 3,000-க்கு மேற்பட்டவர். டொராண்டோ நகரின் கிறிஸ்டி தெருவில் பணப்பதிவு இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையாயிருந்த கட்டடம் 1919-இல் படைவீரர் மருத்துவமனையாயிற்று. இருப்புப்பாதையை ஒட்டிய அவ்விடம் நோயாளர் இளைப்பாற ஏற்றதன்று. ஆங்கு போதகராயிருந்த சிட்னி லாம்பர்ட் அதே போரில் தாமும் ஒரு காலை இழந்தவர். வீரர்கள் அவரைப் ‘பாத்ரே’ என்றழைத்தனர். நம்மிடையே வழங்கும் ‘பாதிரி’யும் இதுவும் போர்த்துகீசியர் வழியாக வந்த ஒரே சொல்லே.

உறுப்பிழந்த வீரர் 1918-இல் தமக்கெனத் தொடங்கிய சங்கத்தின் நிறுவனர் இவர். உதவித்தொகை, நல்ல செயற்கை உறுப்பு, வேலை ஆகியவற்றிற்காக அச்சங்கம் அரசுடன் வாதாடிற்று. அவ்வரலாறு நீண்டது, ஈண்டு வேண்டுவதன்று. படுக்கையருகே நிகழ்ந்ததே நம் கருத்தைக் கவர்கிறது.

கால் நீக்கப்பட்டவனுக்கு இல்லாத பாதம் நமைக்கும். இல்லாத விரல்கள் முறுக்கி வலிக்கும். அமெரிக்க மருத்துவர் வெயர் மிச்சல் தம் உள்நாட்டுப்போர் வீரரிடம் இதனைக் கண்டு 1871-இல் ‘ஆவி உறுப்பு’ என்று பெயரிட்டார். எனினும் பெயர் உண்டென்பதை நோயாளி அறியான். தனக்குப் பித்துப் பிடித்ததோவென அஞ்சி வாய் திறவான். மருத்துவர் விளக்கினால் தலையசைப்பான். தன்னைப் போன்ற ஒருவன் வந்தமர்ந்து, தனக்கும் அவ்வாறே என்று சொன்னால், அன்றிரவு உறங்குவான். வார்ப்பட்டையை எப்படி இறுக்குவது, தழும்பு புண்ணாகாமல் எப்படிக் காப்பது, மனைவி முதன்முதல் பார்க்கும்போது எங்கே நோக்குவது என்பனவற்றையெல்லாம் அவனிடமே கேட்க இயலும்.

இதனை எழுதுகையில் நமக்கு ஒரு வெட்கம் நேர்கிறது. நீரிழிவால் காலை இழந்த ஒரு முதியவரின் படுக்கையருகே நின்று நாம் நெடுநேரம் பேசி ஜெபித்தோம். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதே சபையில் பொய்க்காலுடன் நடக்கும் தச்சர் ஒருவர் இருந்தார். அவரை அழைத்துச் செல்ல நமக்குத் தோன்றவில்லை. லாம்பர்ட்டிடம் போதகரும் காயமுற்றவரும் ஒருவராயிருந்தனர். நம்மில் பலருக்கு அந்நிலை இல்லை. அவ்வாறாயின் தச்சரைத் தேடிச் செல்வதே நம் ஊழியமன்றோ?

கிறிஸ்டி தெருவில் லாம்பர்ட்டின் நண்பராயிருந்தவர் எதெல்பர்ட் கர்லி கிறிஸ்டியன் என்னும் கறுப்பினப் படைவீரர். 1917 ஏப்ரலில் வீமி மேட்டுப் போரில் குண்டுவெடிப்பால் மண்ணும் இடிபாடும் மூடி இரண்டு நாள் கிடந்தார். அவரைத் தூக்கிச் சென்ற இருவர் வழியிலேயே கொல்லப்பட்டனர். அழுகல் ஏறியமையால் இரு கைகளும் இரு கால்களும் நீக்கப்பட்டன. நான்கும் இழந்து பிழைத்த கனடிய வீரர் அப்போரில் அவரொருவரே. மருத்துவமனையில் தொண்டு செய்த கிளியோ என்னும் பெண்ணை மணந்தார். செயற்கைக் கையால் எழுதப் பழகினார். நாள்தோறும் பிறர் துணை வேண்டிய வீரருக்குக் கனடிய அரசு வழங்கத் தொடங்கிய பராமரிப்புப் படி, இத்தம்பதியர் நிலையை முன்னிட்டு எழுந்ததே. கணவனைப் பேணும் மனைவியின் உழைப்புக்கு ஓர் அரசு விலை மதித்தது என்பது சிறிதன்று.

இரண்டாம் உலகப்போரில் கிறிஸ்டி தெருக் கட்டில்கள் மீண்டும் நிரம்பின. அப்போது பழைய போரின் மனிதர் புதியவரைக் காண வந்தனர்; கிறிஸ்டியனும் வந்தார். கால் நூற்றாண்டாகக் கையும் காலுமின்றி வாழ்ந்து, குடும்பம் நடத்தி, நரைத்திருந்த ஒருவர் கட்டிலருகே நிற்கையில், ஒரு கால் இழந்த இருபது வயது இளைஞனுக்கு அவர் அறிவுரை கூறத் தேவையிருந்திருக்குமென நாம் எண்ணவில்லை. அவர் 1954-இல் மறைந்தார்.

சங்கம் 1975-இல் உறுப்பின்றிப் பிறந்த, உறுப்பிழந்த சிறாருக்கென ஒரு திட்டம் தொடங்கிற்று. அதில் அத்தகைய பிள்ளையை வளர்த்த தாய், அண்மையில் அவ்வாறு பெற்ற மற்றொரு தாயைச் சந்திக்கிறாள். பல வேளைகளில் தன் பிள்ளையையும் உடனழைத்துச் செல்கிறாள்.