ஆலை நகரத்துச் சேமிப்பு வங்கி



வரலாறு என்றதும் கோட்டைகளும் அரண்மனைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நாம் பார்க்கப்போவது ஒரு வங்கிக் கட்டடத்தின் வரலாறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவல் என்னும் ஆலை நகரம் இருக்கிறது. அங்கே ஷாட்டக் தெருவில், 1845-ஆம் ஆண்டில் எழுந்த பழைய கட்டடம் ஒன்று இன்றும் நிற்கிறது. லோவல் சேமிப்பு வங்கி அதில்தான் நடந்தது.

மெரிமாக் ஆற்று நீரைக் கால்வாய்களில் திருப்பி, அந்த விசையால் இயந்திரங்களை ஓட்டித் துணி நெய்த ஊர் அது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் குடியானவர் வீட்டு இளம்பெண்கள். வாரம் ஏறக்குறைய 73 மணி நேர வேலை. தங்கும் விடுதியும் கம்பெனியுடையதே. தோட்டத்தில் பெரட்டு மணி கேட்டு எழுந்த நம் முன்னோரைப் போலவே, அவர்களும் ஆலை மணிக்கு எழுந்தார்கள். ஆனால் கூலி ரொக்கமாகக் கிடைத்தது. விடுதிச் செலவு போக மிஞ்சியதை, 1829-இல் தொடங்கிய அந்த வங்கியில் போட்டு வைத்தார்கள்.

1841 ஜூலையில் 978 ஆலைப் பெண்களுக்கு அங்கே கணக்கு இருந்தது. அவர்களுடைய சேமிப்பு ஒரு லட்சம் டாலர் என மதிப்பிடப்பட்டது. மறு ஆண்டு லோவலுக்கு வந்த ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் இக்கணக்கை வியந்து எழுதினார்.

அந்தப் பணத்தால் என்ன பயன்? அதற்கான விடை இந்தக் கட்டடம் எழுவதற்கு முன்பே கிடைத்துவிட்டது. 1834 பிப்ரவரியில் முதலாளிகள் கூலியில் 15 விழுக்காடு குறைக்க முனைந்தார்கள். சுமார் 800 பெண்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். வெளியேறியதும் வங்கிக்குப் போய்த் தங்கள் சேமிப்பை எடுத்தார்கள். உள்ளூர் வங்கிகள் இரண்டு நெருக்கடிக்கு ஆளாயின. கையில் பணம் இருந்தால் விடுதியை விட்டு ஊருக்குப் போகலாம். பட்டினிக்குப் பயந்து பணிய வேண்டியதில்லை.

அந்தப் போராட்டம் சில நாட்களில் தோற்றது, கூலியும் குறைந்தது. எனினும் 1836-இல் விடுதிக் கட்டணம் ஏறியபோது இன்னும் அதிகமான பெண்கள் எழுந்தார்கள். இம்முறை சில ஆலைகள் இறங்கி வந்தன. வங்கிக் கட்டடம் எழுந்த அதே 1845-இல், பத்து மணி நேர வேலை கேட்டுச் சட்டமன்றத்துக்கு மனுக்கள் அனுப்பினார்கள். பெண்களுக்கான அந்தச் சட்டம் 1874-இல்தான் வந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அவர்கள் நெய்த பருத்தி தெற்கு மாநிலங்களில் அடிமைகள் பறித்தது. கூலியே இல்லாத அவர்களுக்குச் சேமிப்பு எங்கிருந்து வரும்? ஆகவே, சேமிப்பு கூலிக்கு மாற்றாகாது. நியாயமான கூலி முதலில் வேண்டும். அதில் மிஞ்சுவதுதான் சேமிப்பு.

அந்த வங்கி 1991-இல் முறிந்து மூடப்பட்டது. கட்டடம் மட்டும் இருக்கிறது.

நம் நாட்டில் அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் பணியை 1972 முதல் தேசியச் சேமிப்பு வங்கி ஏற்று நடத்துகிறது. நேயர்களே, நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் கூலி வாங்கத் தொடங்கும்போது, அவர்கள் பெயரிலேயே ஒரு கணக்குத் திறந்து கொடுங்கள். அவசரத் தேவை வரும் நாளில், யாரிடமும் கை நீட்டாமல் தானே முடிவெடுக்க அது அவளுக்கு உதவும்.