பிச்சைக்கு உதவாத கை

இந்த வார எபிசோட் என் சித்தப்பாகிட்ட இருந்து ஆரம்பிக்குது. அவருக்கு முட்டி மாற்று ஆபரேஷன் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. எக்ஸ்ரே பிரமாதம். டாக்டர் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிட்டார். ஆனா மனுஷன் தெருமுனை டீக்கடைக்குக்கூடப் போறதில்லை. "நடுரோட்டுல விழுந்துட்டா?"ன்னு பயம். "அதான் எல்லாம் சரியாயிடுச்சே சித்தப்பா"ன்னு நானும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில, வேலூர்ல நடந்த ஒரு பழைய கதை ஞாபகத்துக்கு வந்தது.

1946ல வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு பால் பிராண்ட்னு ஒரு அறுவை சிகிச்சை டாக்டர் வர்றார். வெள்ளைக்காரர்தான், ஆனா 1914ல பிறந்த அவர் வளர்ந்தது நம்ம கொல்லிமலையில. அப்பா அம்மா மிஷனரிகள். ஒன்பது வயசு வரைக்கும் அந்த மலையில மரமேறித் திரிஞ்ச பையன். அப்புறம் இங்கிலாந்து போனவர், டாக்டருக்குப் படிக்கிறதுக்கு முன்னால சில வருஷம் தச்சு வேலையும் கொத்து வேலையும் கத்துக்கிட்டார். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால தேவைப்படும்.

வந்த கொஞ்ச நாள்லயே செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போறார். அங்கே நிறைய பேருக்கு விரல்கள் மடங்கி, கழுகுக் கால் மாதிரி வளைஞ்சு நிக்குது. அந்தக் காலத்துல பெருவியாதி வந்தா கை அப்படித்தான் ஆகும், சதை அழுகி விழும்னு டாக்டர்களே நம்பினாங்க. பிராண்ட் ஒரு நோயாளியோட கைக்குள்ள தன் கையை வெச்சு, "அழுத்துங்க"ன்னு சொன்னார். நகம் பதியுற அளவுக்குப் பலமான பிடி! செத்துப்போனதா நினைச்ச கைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

விஷயம் என்னன்னா, தொழுநோய் தாக்குறது நரம்பை. முழங்கையை எங்கேயாவது இடிச்சா ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு முக்கியமா அடிவாங்கும். அதனால உள்ளங்கைக்குள்ள இருக்கிற சின்னத் தசைகள் செயலிழக்கும். ஆனா முன்னங்கைத் தசைகள் பெரும்பாலும் நல்லாவே இருக்கும். அப்படின்னா, வேலை செய்யுற ஒரு தசையோட நாணை எடுத்து, வேலை செய்யாத இடத்துல இணைச்சா? பிராண்டும் அவரோட குழுவும் அதைத்தான் செஞ்சாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் பல வாரம் பயிற்சி. ஒரு விரலை மடக்கின தசைக்கு இப்போ வேற வேலை; மூளை அதைப் புதுசா கத்துக்கணும். மூடியே கிடந்த கை திறந்துச்சு. சோத்தைப் பிசைஞ்சு வாயில வைக்க முடிஞ்சது.

இதோட நிறுத்தினா இது ஒரு நல்ல சாதனைக் கதை. ஆனா நிக்கல.

குணமாகிப் போனவங்கள்ல சிலர் கொஞ்ச நாள்ல திரும்பி வந்தாங்க, முன்னைவிட மெலிஞ்சுபோய். அவங்க சொன்ன புகார் பிராண்டைத் தூக்கிவாரிப் போட்டிருக்கு. இந்தக் கையை வெச்சு பிச்சை எடுக்க முடியலைங்கிறதுதான் அது. வளைஞ்ச கையைப் பார்த்து காசு போட்டவங்க, நேரான கையைப் பார்த்து போடல. சரி, வேலை கேக்கலாம்னா, உடம்புல மீதி இருக்கிற தழும்பைப் பார்த்து யாரும் வேலை தரல. வாடகைக்கு வீடும் இல்லை. சிகிச்சை ஜெயிச்சதால சாப்பாடு போச்சு.

எனக்கு இந்த இடத்துல பிராண்டைப் பிடிக்கும். "என் வேலை ஆபரேஷன் வரைக்கும்தான்"னு அவர் சொல்லியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. அவர் பழைய தச்சு வேலையைத் தூசி தட்டி எடுத்தார். மண்சுவர் வீடுகள் கட்டி, 'நவ ஜீவ நிலையம்'னு ஒரு சின்னக் குடியிருப்பு உருவாச்சு. அங்கே ஆபரேஷன் ஆனவங்க மரப் பொம்மைகள் செய்யக் கத்துக்கிட்டாங்க.

அங்கேயும் ஒரு சிக்கல். கை அசையுது, ஆனா உணர்ச்சி திரும்பல. சுத்தியல் பிடியில ஒரு சிம்பு குத்தினாலும் தெரியாது. சுடுற டம்ளரைப் பிடிச்சுக்கிட்டே நிப்பாங்க. அதனால தினமும் கையைப் பரிசோதிச்சு, ஒவ்வொரு காயமும் எப்படி வந்ததுன்னு துப்பறிஞ்சாங்க. சிலருக்கு மட்டும் ராத்திரி தூங்கி எழுந்தா விரல்ல ஒரு துண்டு காணோம்! முழிச்சிருந்து பார்த்தா, எலி. வலி தெரியாததால தூங்குறவங்க கையை இழுத்துக்கல. அதுக்கப்புறம் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தாங்க. மருத்துவ வரலாற்றுல எனக்குப் பிடிச்ச மருந்துச்சீட்டு இதுதான்.

விரல் உதிர்றது நோயால மட்டும் இல்லை, வலி தெரியாத கைக்குத் தினமும் படுற காயத்தாலயும்தான்னு அவங்க புரிஞ்சுக்கிட்டது இப்படித்தான். டிஸ்சார்ஜ் ஆனவங்க பின்னாடியே போனதால கிடைச்ச அறிவு.

ஊர் மனசு மாற ரொம்ப காலம் ஆச்சு. கூட்டு மருந்து சிகிச்சை 1980கள்லயே வந்துடுச்சு, தொழுநோய் முழுசா குணமாகும். ஆனா இந்தியாவுல தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேக்கலாம்ங்கிற விதி சட்டத்துல இருந்து நீங்கினது 2019லதான். நீங்க காலேஜ் படிச்சுட்டு இருந்திருப்பீங்க.

இதே வேலூர்ல இன்னொருத்தர். டாக்டர் மேரி வர்கீஸ். 1954 ஜனவரியில, கூட வேலை பார்த்தவங்களோட வண்டியில போனப்போ விபத்து. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. உயிரைக் காப்பாத்திட்டாங்க. ஆனா சின்ன வயசு டாக்டர், இனிமே என்ன செய்யுறது? கை ஆபரேஷனை உட்கார்ந்துகிட்டே செய்யலாமேன்னு யோசனை சொன்னது பிராண்ட். சக்கர நாற்காலியில உட்கார்ந்து, தொழுநோயாளிகளோட கைகளை மேரி சரிசெய்ய ஆரம்பிச்சார். மேஜை மேல படுத்திருக்கிறவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. டாக்டரும் நம்மளை மாதிரிதான்.

அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டுத் திரும்பினார். 1966ல வேலூர்ல முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கும் கைகால் இழந்தவங்களுக்கும் ஒரு மறுவாழ்வு மையம் திறந்தாங்க. அதை நடத்தினவருக்கு, படுக்கையில கிடக்கிறவங்க என்ன கேப்பாங்கன்னு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கல. கழிவறைக்கு எப்படிப் போறது, படுக்கையில இருந்து நாற்காலிக்கு எப்படி மாறுறது, வீட்டுல எல்லாரும் பாவம்னு பார்க்கிறப்போ என்ன பண்றது, எல்லாம் அவரே ஒரு தடவை கேட்டுப் பார்த்த கேள்விகள்.

சித்தப்பாகிட்ட இப்போ "சரியாயிடுச்சே"ன்னு சொல்றதை நிறுத்திட்டேன். எந்த இடத்துல விழுந்துடுவோம்னு பயமா இருக்குன்னு கேட்டேன். டீக்கடைக்கு முன்னால இருக்கிற சாக்கடை மூடியாம். ஒரு பலகை ஆடுது.