நீலகிரி மலை ரயில்: எடையும் பாதைக் காவலும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் திறக்கப்பட்டு, 1908-இல் உதகமண்டலம் வரை நீட்டிக்கப்பட்ட நீலகிரி மலை இருப்புப்பாதை, சுமார் 46 கிலோமீட்டர் தொலைவுக்குள் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் வரை ஏறுகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி வீதம் உயரும் ஏற்றத்தில், வண்டி 100 டன் எடை கொண்டதெனில் ஏறத்தாழ 8 டன் விசை அதை ஓயாமல் பள்ளத்தை நோக்கி இழுக்கும். கூடுதலாகக் கோக்கப்படும் ஒவ்வொரு பெட்டியும் அந்த இழுவையைப் பெருக்கும். இதனாலேயே இங்கு என்ஜின் பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிச் செல்வதும், பெட்டிகள் மிகச் சிலவாக இருப்பதும், வேகம் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டருக்குள் அடங்குவதும், பெட்டிதோறும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று என்ஜினின் விசிலுக்கேற்பப் பிரேக் பிடிப்பதும் வழக்கமாயின.

எடையைக் குறைத்தால் மட்டும் போதாது. சுவிஸ் பொறியாளர் ரோமன் அப்ட் வகுத்த முறைப்படி, தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பற்சட்டங்கள் 44 மில்லிமீட்டர் இடைவெளியில், ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வருமாறு பதிக்கப்பட்டுள்ளன. என்ஜினின் பற்சக்கரம் இவற்றைக் கவ்வியே மேலேறுகிறது. 3.12 மீட்டர் நீளச் சட்டம் ஒன்றில் 26 பற்கள் உள்ளன. இரு சட்டங்கள் சேரும் இடத்தில் போல்ட் தளர்ந்து இடைவெளி விரிந்தால், பற்சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் பல்லின் முனைமேல் ஏறி, என்ஜினையே தண்டவாளத்திலிருந்து தூக்கிவிடக்கூடும். செங்குத்துச் சரிவில் பாதையும் வண்டிகளின் பாரத்தால் சிறிது சிறிதாகக் கீழ்நோக்கி நகர முனைவதால் இந்த ஆபத்து நீங்குவதே இல்லை. தம் எல்லைக்குட்பட்ட பாதையை நாள்தோறும் நடந்தே பார்வையிட்டு, தளர்ந்ததை அங்கேயே முடுக்கும் ஊழியரான கீமேனின் பணி இங்கு உயிர்காக்கும் பணியாகும்.

மழைக்காலத்தில் ஆபத்து தண்டவாளத்தைவிட அதைத் தாங்கும் மண்ணில் மிகுதி. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்ததும், அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதும், நல்ல தண்டவாளமும் அடித்தளம் போனால் பயன்படாது என்பதை நாட்டுக்கு உணர்த்தின. சமவெளியிலேயே அப்படியெனில், வடகிழக்குப் பருவமழையில் பாறையும் மரமும் சரியும் இந்த மலையில் ரோந்தின் தேவையைச் சொல்ல வேண்டியதில்லை. சரிவுக்குப் பின் பாதை சோதித்துச் சீராக்கப்படும் வரை வண்டி நிறுத்தப்படுவதைப் பயணிகள் குறையாகக் கருதலாகாது.