குற்றால சீசனில் குடும்பத் தங்கல்: தென்காசிச் சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கத் தொடங்கியதும் தென் மாவட்டத்து வீடுகளில் ஒரு கேள்வி சுற்றிவரும்: "அருவியில தண்ணி விழுதா?" அடுத்த கேள்வி, எங்கே தங்குவது என்பது. முதல் கேள்விக்குத் தொலைக்காட்சியும் கைபேசியும் பதில் சொல்லிவிடுகின்றன. இரண்டாவதைப் பழைய பழக்கமோ, சாலையோரம் "ரூம் வேணுமா சார்" என்று வழிமறிக்கும் தரகரோ தீர்த்துவைக்கிறார்கள்.

சொந்தக் கார் இல்லாமல், ரயிலிலோ பேருந்திலோ வந்து இறங்கும் குடும்பத்தைப் பற்றி மட்டுமே இக்கட்டுரை பேசுகிறது. குடும்பம் என்றால் முழங்கால் வலியுள்ள பாட்டி, நேரத்துக்குப் பசிக்கும் பிள்ளைகள், ஈரத்துணி மூட்டை எல்லாம் சேர்ந்தது. அத்தகைய குடும்பம், அறைக்கும் அருவிக்கும் எவ்வளவு தூரம் என்று பார்ப்பதைவிட, அறைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பார்ப்பதே நல்லது என்பது இங்கே முன்வைக்கப்படும் கருத்து. காரில் வருவோருக்கு இது பொருந்தாது. அவர்களுடைய துன்பம் வண்டி நிறுத்துமிடத்தில் தொடங்குகிறது. அதற்குத் தனி ஆய்வு வேண்டும்.

2. ஓர் ஊர், பல அருவிகள்

குற்றாலம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாலும் அருவிகள் ஓரிடத்தில் இல்லை. பேரருவி ஊருக்கு நடுவில், குற்றாலநாதர் கோயிலை ஒட்டி விழுகிறது. மேலிருந்து வரும் தண்ணீர் பொங்குமாங்கடல் என்னும் பாறைப் பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்து மறுபடி இறங்குவதால்தான் அவ்வளவு உயர அருவியின் கீழே மனிதர் நிற்க முடிகிறது. ஐந்தருவி அங்கிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. புலியருவி வேறொரு பக்கம். பழைய குற்றாலம் ஆயிரப்பேரிப் பக்கம், ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். செண்பகாதேவியும் தேனருவியும் மலைக்கு மேலே இருப்பவை. குடும்பத்தோடு வருபவர் கணக்கில் அவற்றைச் சேர்க்க வேண்டியதில்லை.

இந்தச் சிதறல் தங்கலுக்கு எப்படிப் பொருளாகிறது? மலையில் கனமழை பெய்தால் ஓர் அருவியில் குளிக்கத் தடை வரும், இன்னொன்று திறந்திருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்து சிறுவன் ஒருவன் உயிரிழந்ததற்குப் பிறகு, காவலர் சொல்லும் தடையை யாரும் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆகவே காலையில் எழும்போது எந்த அருவிக்குப் போவோம் என்பது குடும்பத்தின் கையில் இல்லை. ஓர் அருவியின் வாசலிலேயே அறை எடுத்தவர், தடை வந்த நாளில் மற்ற அருவிக்கு ஆட்டோ பேரம் பேசிக்கொண்டிருப்பார். எல்லாப் பக்கமும் பேருந்து கிளம்பும் இடத்தில் இருப்பவர் அடுத்த பேருந்தில் ஏறிவிடுவார்.

3. தங்கலின் சுருக்க வரலாறு

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே வெயிலுக்கு அஞ்சிய அதிகாரிகள் இங்கே வந்து தங்கினார்கள். ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்களும் அக்காலத்தில் போடப்பட்டவைதான். ஜமீன்தார்களுக்குப் பங்களாக்கள், அடியார்களுக்கு மடங்கள், சமூகங்களுக்குச் சத்திரங்கள் என்று தங்குமிடம் அவரவர் நிலைக்கு ஏற்ப இருந்தது. வாடகைக்கு அறை என்பது பிற்கால ஏற்பாடு. இடையில் நின்றவர் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார். அவருடைய குற்றால வீட்டில் ராஜாஜியும் கல்கியும் விருந்தாளிகளாக இருந்திருக்கிறார்கள். அந்த விருந்தோம்பலின் புகழ் இன்னும் பேசப்படுகிறது. ஆனால் அப்படி ஒரு வீடு கிடைக்காதவர்களுக்காகத்தான் லாட்ஜுகள் வந்தன என்பதையும் மறக்க வேண்டாம்.

4. தங்கும் வட்டாரங்கள்

4.1 குற்றாலம் ஊர்

லாட்ஜுகள், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதி, சீசனுக்கு மட்டும் வாடகைக்கு விடப்படும் வீடுகள் ஆகியவை இங்கே உண்டு. சனி, ஞாயிறுகளில் வாடகை பல மடங்காகும். சன்னல் திறந்தால் குரங்கு உள்ளே வரும். கம்பிவலை உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. நள்ளிரவில் பேரருவியில் நிற்க ஆசைப்படுபவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

4.2 சாலையோர ஊர்கள்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் மேலகரம் இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் இது. செங்கோட்டையிலிருந்து குற்றாலம் வரும் வழியில் இலஞ்சி. குமரன் கோயிலால் பெயர் பெற்றது. குடும்பத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த இரண்டையும்தான். அருவிக்கும் போகலாம், நகரத்துக்கும் போகலாம். இரவு ஏழு மணிக்கு மேல் குற்றாலக் கடைத்தெருவின் இரைச்சலும் இல்லை. ஒரு நிபந்தனை: விடுதி பேருந்துச் சாலையில் இருக்க வேண்டும். "மெயின் ரோட்டிலிருந்து ஐந்து நிமிஷம்" என்று சொன்னால், நடந்தா, ஆட்டோவிலா என்று கேட்க வேண்டும்.

4.3 தென்காசி நகரம்

2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டத்தின் தலைநகரம். குற்றாலத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். பழையது, புதியது என்று இரண்டு பேருந்து நிலையங்கள். குற்றாலம் போகும் டவுன் பஸ் எதிலிருந்து என்று முதல் நாளே விசாரித்துக்கொண்டால் அலைச்சல் குறையும். மருத்துவமனை, மருந்துக் கடை, நடுத்தர உணவகங்கள் எல்லாம் இங்கேதான். குழந்தைக்கு இரவில் காய்ச்சல் வந்த குடும்பத்துக்கு இந்த ஒரு காரணமே போதும். அருவிகள் எல்லாவற்றிலும் தடை என்றால் காசி விசுவநாதர் கோயில் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பியது. மழை நின்றால் பண்பொழித் திருமலைக்கோயிலுக்கும் போய்வரலாம்.

4.4 செங்கோட்டை

ரயில் தொடங்கும் ஊர். அருவிக்குச் சற்றுத் தள்ளி. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அந்த எல்லையின் நினைவு பிரானூர் பார்டர் என்ற பெயரில் இன்னும் நிற்கிறது. தென்காசி-செங்கோட்டைச் சாலைப் பேருந்தில் போய் அங்கே இரவு பரோட்டா சாப்பிட்டுவிட்டு வரலாம் என்பது குழந்தைகளைப் பொறுத்தவரை அருவிக்குச் சமமான காரணம்.

4.5 தோப்புக்குள் ரிசார்ட்டுகள்

படத்தில் அழகு. பேருந்து நிறுத்தம் தொலைவு. காரில்லாத குடும்பம் ஒவ்வொரு காபிக்கும் விடுதிக்காரரையே நம்ப வேண்டிவரும்.

5. ரயில் நேரமும் அறை நேரமும்

பெரும்பாலான குடும்பங்கள் இடறி விழும் இடம் இதுதான். சென்னை எழும்பூரிலிருந்து இரவில் புறப்படும் பொதிகை விரைவு ரயில் காலையில் தென்காசி வந்துசேர்கிறது. திரும்பும் வண்டி மாலையில் கிளம்புகிறது. லாட்ஜோ நண்பகல் 12 மணிக் கணக்கில் நடக்கும். காலையில் வந்தவர் மதியம் வரை வரவேற்பறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கிளம்பும் நாளில் மதியம் அறையைக் காலிசெய்துவிட்டு, மாலை வரை ஈரத்துணியோடு தெருவில் நிற்க வேண்டும். இரண்டு முனையிலும் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு பகல் வீணாகிறது.

தீர்வு இரண்டு. வந்த நேரத்திலிருந்து கணக்கிடும் 24 மணி நேர முறை உள்ள லாட்ஜைத் தேடுவது ஒன்று. அது கிடைக்காவிட்டால், கடைசி நாள் இரவை மட்டும் தென்காசி ரயில் நிலையத்துக்கு அருகே மாற்றிக்கொள்வது. அப்படிச் செய்தால், அறையில் பையைப் போட்டுவிட்டுக் காலையில் கடைசிக் குளியலுக்குப் பேருந்தில் போய்வந்து, அரைநாள் வாடகை கூடக் கொடுத்து, துணி உலர்த்திக்கொண்டு ரயிலேறலாம். துணி காயப் போட மொட்டைமாடியோ கொடியோ உண்டா என்று தொலைபேசியில் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். சாரல் காற்றில் மூடிய அறைக்குள் எதுவும் உலராது.

விருதுநகர், திருநெல்வேலிப் பாதைகள் இரண்டும் தென்காசி சந்திப்பில்தான் சேர்கின்றன. கேரளப் பக்கம் புனலூர்ப் பாதையும் அகலப்பாதையாகி 2018-இல் திறக்கப்பட்டுவிட்டதால், கொல்லத்திலிருந்து வருபவர்களும் இங்கேயே இறங்கலாம். குற்றாலத்துக்கென்று தனி ரயில் நிலையம் இல்லை. ஆகவே ரயில் பயணியின் இயல்பான வாசல் தென்காசி.

6. சொந்த அருவி உள்ள விடுதி

சில ரிசார்ட்டுகள் "எங்கள் வளாகத்திலேயே அருவி" என்று விளம்பரம் செய்தன. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் இடங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. தென்காசி மாவட்டத்தில் சிலவற்றுக்குச் சீலும் வைக்கப்பட்டது. பொது அருவியில் காவலர் இருக்கிறார், தடை அறிவிப்பு இருக்கிறது, ஆண் பெண் தனித்தனிப் பகுதி இருக்கிறது. தனியார் வளாகத்தில் மலை வெள்ளத்தை யார் கவனிப்பார்? இந்த வகை விளம்பரத்தைப் பார்த்தால் அடுத்த விடுதிக்குப் போவதே முறை.

7. கட்டணமும் பொதுக் கொள்கையும்

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பேருந்துகளில் ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் டிக்கெட் இல்லை. பாட்டி, அம்மா, சின்னக் குழந்தை, அப்பா என்று நான்கு பேர் தென்காசியிலிருந்து குற்றாலம் போனால் காசு கொடுப்பவர் அப்பா ஒருவர்தான். அருவிக்கு அருகே அறை எடுக்கக் கூடுதலாகக் கொடுக்கும் வாடகையை இதோடு ஒப்பிட்டால், தூரத்தின் விலை என்ன என்பது தெரிந்துவிடும்.

ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில், பல ஊர்களில் தங்கும் விருந்தினருக்கு ஓர் அட்டை தருகிறார்கள். அதைக் காட்டினால் வட்டாரப் பேருந்திலும் ரயிலிலும் இலவசமாகப் போகலாம். செலவு விருந்தினர் செலுத்தும் தங்கல் வரியிலிருந்து வருகிறது. நம்மிடம் பாதி வேலையை அரசு ஏற்கெனவே செய்துவிட்டது. மீதி, சீசன் சனி ஞாயிறுகளில் தென்காசி, பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் நான்கையும் சுற்றிவரும் ஒரு பேருந்து. அதன் நேரப் பலகை ஒவ்வொரு லாட்ஜ் வரவேற்பறையிலும் தொங்க வேண்டும். குற்றாலம் வரும் கார்களிடம் வசூலாகும் நிறுத்தக் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவது நியாயமான கோரிக்கை.

8. விதிவிலக்குகள்

பேருந்துப் படி ஏறவே முடியாத முதியவர் உடன் வந்தால் மேற்சொன்ன வாதம் செல்லாது. குற்றாலத்திலேயே, பேரருவிக்கு ஏற்றமில்லாத வழியில், தரைத்தள அறை எடுக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வேன்களால் குற்றாலம் நிறைந்திருக்கும். அப்போது லாட்ஜுகள் கூட்டமாகத் தங்குபவருக்கே முன்னுரிமை தரும். வடகிழக்குப் பருவமழை வெள்ளமும் அதே மாதங்களில்தான். அந்தப் பருவத்தில் வரும் குடும்பம் தென்காசியில் அறை எடுத்து, அருவி திறந்திருக்கிறதா என்று காலையில் கேட்ட பிறகே பேருந்து ஏற வேண்டும்.