பேதியுப்பின் நெடுவழி

இலண்டனுக்குத் தெற்கே எப்சம் என்னும் ஊரில், 1618ஆம் ஆண்டு, ஒரு குட்டை நீரைக் கசப்பு மிகுதியால் மாடுகள் குடிக்க மறுத்தன என்பது வழிவழி வந்த கதை. மாடுகள் மறுத்ததை மனிதர் மருந்தென்று நாடினர். சாமுவேல் பெப்பீசு 1667இல் அங்கு சென்று பருகியதைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்நீரின் உப்பைப் பற்றி நெகேமியா குரூ 1695இல் நூல் வெளியிட்டார். நாம் பேதியுப்பு என்பது அதுவே. அதிலுள்ள மக்னீசியத்தை உலோகமாக 1808இல் பிரித்தவர் ஹம்ப்ரி டேவி.

குடலைக் கழுவிய உப்பு இருபதாம் நூற்றாண்டில் குருதிக்குள் நுழைந்தது. கருவுற்ற பெண்களுக்கு இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் கொடுமைக்கு அதை ஊசிவழி செலுத்தினர். 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வு, வலிப்பின் வாய்ப்பு பாதிக்குமேல் குறைவதை 2002இல் மெய்ப்பித்தது. ஆயினும் அங்கே அது தடுப்பது வலிப்பைத்தான். அழுத்தத்தைத் தணிக்க வேறு மருந்து வேண்டும்.

மக்னீசியம் குறைந்தால் அழுத்தம் ஏறுமா? இரத்தக் குழாயின் தசையைக் கால்சியம் இறுக்கும். மக்னீசியம் அதற்கு எதிர்நின்று தளர்த்தும். தருக்கம் பொருந்துகிறது. ஆனால் 34 ஆய்வுகளை 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, மக்னீசியம் உட்கொண்டோருக்கு மேல் அழுத்தம் சராசரியாக 2 புள்ளியே குறைந்திருந்தது.

உறவு உண்டு, அது சிறிது. அழுத்தத்துக்குத் தரும் சில நீரிறக்க மாத்திரைகளே மக்னீசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுவதும் உண்டு. அதை அளந்தறிய மருத்துவர் இருக்கிறார். கீரையும் பயறும் உண்போம். ஆனால் அவற்றை நம்பி அன்றாட மாத்திரையைக் கைவிடுவது, எப்சம் நீரை எல்லா நோய்க்கும் மருந்தென நம்பியவர்களின் பிழையை மீண்டும் செய்வதாகும்.