இலக்கத் தகடும் அடையாள அட்டையும்

வீதியில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி வாகனத்தை மறிக்கிறார். அவர் முதலில் பார்ப்பது இலக்கத் தகட்டையா, ஓடுகிறவரின் முகத்தையா? சின்னக் கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் வீதியால் குண்டு கொண்டுபோனவர்கள் எப்படிப் பிடிபட்டார்கள், எப்படித் தப்பினார்கள் என்று தேடி வாசிக்கத் தொடங்கியபோது, நாங்கள் திரும்பத் திரும்ப இந்தக் கேள்வியிலேயே வந்து நின்றோம்.

இலக்கத் தகட்டின் கதை பரிஸில் தொடங்குகிறது. 1893இல் அந்த நகரத்துப் பொலிஸ், மோட்டார் வாகனங்களில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் உள்ள தகடு பூட்டவேண்டும் என்று உத்தரவிட்டது. பிரித்தானியாவில் 1903ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1904 ஜனவரியிலிருந்து இலக்கத் தகடு கட்டாயமானது. அப்போது குண்டுவெடிப்பு யாருடைய மனதிலும் இருக்கவில்லை. கண்மண் தெரியாமல் ஓடுகிறவனையும் ஆளை மோதிவிட்டுத் தப்புகிறவனையும் அடையாளம் காணவேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தகடு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயோர்க்கில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1920 செப்டெம்பர் 16 மதியம், வோல் ஸ்ட்ரீட்டில் நிறுத்தியிருந்த ஒரு குதிரை வண்டி வெடித்தது. 30 பேருக்கு மேல் செத்தார்கள். வண்டியைத் தேடிப்போக ஒரு வழியும் இல்லை. பொலிஸார் செத்த குதிரையின் லாடத்தை வைத்துக்கொண்டு, லாடம் அடிக்கிற பட்டறை பட்டறையாக, குதிரை லாயம் லாயமாக ஏறி இறங்கினார்கள். செய்தது யார் என்று இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை.

அதே நாட்டில் 75 வருடங்களுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1995 ஏப்ரல் 19, ஒக்லஹோமா நகரத்தில் ஓர் அரசாங்கக் கட்டடத்துக்கு முன்னால் லொறி வெடித்தது. 168 பேர் பலி. அதில் 19 பேர் குழந்தைகள். சிதறிய லொறியின் அச்சுப் பாகத்தில் ஓர் இலக்கம் மிஞ்சியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போன புலனாய்வாளர்கள், லொறியை வாடகைக்குக் கொடுத்த கடைவரை போய்ச் சேர்ந்தார்கள்.

அதைவிடச் சுவாரசியமான விசயம் வேறொரு வீதியில் நடந்தது. குண்டு வெடித்து ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்தில், நெடுஞ்சாலை ரோந்தில் இருந்த சார்லி ஹேங்கர் என்ற பொலிஸ்காரர் ஒரு மஞ்சள் காரை மறித்தார். காரணம், பின்னால் இலக்கத் தகடு இல்லை. ஓட்டி வந்தவனிடம் துப்பாக்கி இருந்தது, கைது செய்தார். அவன்தான் திமோதி மக்வே, குண்டு வைத்தவன். இரண்டு நாட்களுக்குப் பிறகு புலனாய்வாளர்கள் அவனுடைய பெயரைக் கண்டுபிடித்தபோது, அவன் ஏற்கனவே ஒரு சின்ன ஊர்ச் சிறையில் இருந்தான்.

அதே நேரத்தில் தொலைக்காட்சிகள் ‘மத்திய கிழக்கு ஆட்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தன. அன்று ஒக்லஹோமாவிலிருந்து ஜோர்தானுக்குப் புறப்பட்ட ஓர் அமெரிக்கரை லண்டன் விமானநிலையத்தில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அவருக்கும் குண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவருடைய பூர்வீகம்தான் அவரைச் சந்தேக நபராக்கியது. வாகனத்தைப் பார்த்த பொலிஸ்காரரிடம் குற்றவாளி அகப்பட்டான். ஆளைப் பார்த்தவர்களுக்கோ அப்பாவி ஒருவர்தான் கிடைத்தார்.

இனி எங்கட வீதிகளுக்கு வருவோம். இலங்கையில் வாகனத்தை மறிக்க இரண்டு வகையான சட்டம் இருக்கிறது. ஒன்று 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். லைசன்ஸ், இலக்கம், வேகம், வாகனத்தின் நிலை எல்லாம் அதற்குள் வரும். மற்றது 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம். அதன் 6ஆம் பிரிவு, பிடியாணை இல்லாமல் எந்த ஆளையும் எந்த வாகனத்தையும் நிறுத்திச் சோதிக்க அதிகாரம் கொடுக்கிறது. போர்க்காலத்தில் முதலாவது சட்டம் மறந்துபோய், இரண்டாவதுதான் வீதியை ஆண்டது.

பயத்துக்குக் காரணம் இருக்கவில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1987 ஏப்ரல் 21 புறக்கோட்டை மத்திய பஸ் நிலையத்தில் கார் குண்டு வெடித்து நூற்றுக்கு மேற்பட்ட சனம் செத்தது. 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக்குள் லொறியை மோதி வெடிக்க வைத்ததில் 91 பேர் செத்தார்கள். வேலைக்குப் போனவர்களும் பஸ்ஸுக்கு நின்றவர்களும்தான் அவர்கள். ஆனால் அதற்கு அரசு கண்ட பதில் என்ன? சோதனைச்சாவடி. அங்கே கேட்ட முதல் கேள்வி ‘ஐசி எங்க?’

அந்த ஐசியே பதிலைச் சொல்லிவிடும். 2014 வரை சிங்களவர்களின் அடையாள அட்டை சிங்களத்தில் மட்டும் இருந்தது. எங்களுடையதில் சிங்களமும் தமிழும் இருந்தன. பெயரை வாசிக்கத் தேவையில்லை, அட்டையைப் பார்த்தாலே போதும். அந்த லொறி 1996இல் வந்து சேர்ந்தது சோதனைச்சாவடிகள் நிறைந்த கொழும்புக்குள்தான். 2007 ஜூன் 7 அதிகாலை கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர்நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது.

மற்றப் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஏ9 வீதி திறந்தபோது, வன்னிக்குள் புலிகளின் காவல்துறை வேகமாக ஓடியவர்களுக்குத் தண்டம் எழுதியது. அது ஒழுங்கான வீதிக் காவல். ஆனால் வன்னிச் சனம் வெளியே போகப் பாஸ் வேணும். அங்கேயும் கடைசியில் கேள்வி வாகனத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. யார் நீ, எங்க போறாய், ஏன் போறாய் என்பதுதான்.

ஆளைப் பார்க்கிற இந்தப் பழக்கத்தின் விலையை நாடு கட்டியது போர் முடிந்த பிறகுதான். 2018 நவம்பர் 30 அதிகாலை, மட்டக்களப்பு வவுணதீவில் சோதனைச்சாவடிக் கடமையில் இருந்த இரண்டு பொலிஸ் கொன்ஸ்தாபிள்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய துப்பாக்கிகளும் பறிபோயின. ஒருவர் சிங்களவர், மற்றவர் தமிழர். மாவீரர் நாள் முடிந்து மூன்றாவது நாள் அது. சந்தேகம் உடனே முன்னாள் புலிகள் பக்கம் போனது. முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து மாதக்கணக்கில் தடுத்து வைத்தார்கள்.

2019 ஏப்ரல் 16 காத்தான்குடிக்குப் பக்கத்தில் பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்தது. அது ஒத்திகை. ஐந்து நாள் கழித்து உயிர்த்த ஞாயிறு. 250 பேருக்கு மேல் செத்தார்கள். அதன்பிறகு கைதானவர்களை விசாரித்தபோதுதான் வவுணதீவுக் கொலையையும் சஹ்ரானின் குழுவே செய்தது என்று தெரியவந்தது. மே மாதம் அந்த முன்னாள் போராளி விடுதலையானார்.

கொலை நடந்த நாளிலேயே விசாரணை சரியான பாதையில் போயிருந்தால் உயிர்த்த ஞாயிறைத் தடுத்திருக்கலாம் என்று அடித்துச் சொல்ல எங்களால் முடியாது. இந்தியாவிலிருந்து வந்த எச்சரிக்கைகளையே கணக்கில் எடுக்காத நாடு இது. ஆனால் ஐந்து மாதம் கையில் இருந்தது. அந்த ஐந்து மாதமும் தேடல் போனது பழைய எதிரியின் முகத்தைப் பார்த்து.

இதிலிருந்து நாங்கள் என்ன படித்தோம்? 2019க்குப் பிறகு சோதனைச்சாவடிகள் திரும்ப முளைத்தன. இந்த முறை இறக்கி நிறுத்தப்பட்டது முஸ்லிம் சனம். பஸ்ஸில் இருந்து அதைப் பார்த்துவிட்டு, ‘இப்ப எங்களை விட்டுட்டாங்கள்’ என்று நிம்மதிப்பட்ட தமிழரும் இருந்தார்கள். அந்த நிம்மதிதான் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. முகம் மாறியதே தவிர, முறை மாறவில்லை.

வீதியில் பொலிஸ் வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. 2016, 2017, 2018 ஆகிய மூன்று வருடங்களிலும் வருடத்துக்கு 3,000 பேரளவில் இந்த நாட்டு வீதி விபத்துகளில் செத்திருக்கிறார்கள். மறிக்கட்டும். லைசன்ஸைப் பார்க்கட்டும், தகடும் செஸி இலக்கமும் பொருந்துகிறதா என்று பார்க்கட்டும். மறித்ததற்கான காரணத்தை எங்களுக்கு விளங்குகிற மொழியில் சொல்லட்டும். எல்லாரையும் ஒரே மாதிரி மறித்தால் சனமும் ஒத்துழைக்கும். ஊருக்குள் புதிதாக ஒரு லொறி நின்றால் பொலிஸுக்குச் சொல்லவும் துணியும். தன்னை எந்த நேரமும் சந்தேகப்படுகிற பொலிஸிடம் வலியப்போய்த் தகவல் சொல்ல யார் வருவார்கள்?