துறைமுகச் சபையில் யார் அமரலாம்?

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தல் நடந்த நாளில், குளிப்போருக்குத் தலைமை தாங்கிய பரதவர் தலைவருக்கு வரியின்றிச் சில தோணிகளை விடும் உரிமை இருந்தது. மேற்பார்வை செய்தவரே ஆதாயமும் பெற்றார். அதை எவரும் மறைக்கவுமில்லை. மாணவ நண்பர்களே, பதவியையும் ஆதாயத்தையும் பிரித்து வைக்கப் பிற்காலச் சட்டம் பட்ட பாட்டையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

தூத்துக்குடியின் பழைய துறை ஆழமற்றது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். சரக்கைத் தோணிகள் ஏற்றி இறக்கும். துறையின் இயல்பைத் தோணிக்காரரையும் வணிகரையும் போல் அறிந்தவர் யார்? ஆனால் கட்டணம் சிறிது மாறினாலும் இலாபநட்டம் அடைபவரும் அவர்களே. அறிந்தவரை அழைத்தால் அவர் பங்காளியாயிருக்கிறார். பங்கில்லாதவரை அழைத்தால் அவருக்குத் துறை தெரிவதில்லை!

1974-இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979-இல் பழையதும் அதனோடு இணைந்து பொறுப்புக் கழகம் ஏற்பட்டது. இதற்கு அடிப்படையான 1963-ஆம் ஆண்டுச் சட்டம், கழகத்திற்கு அழைக்கத்தக்கோர் வரிசையில் கப்பல் உரிமையாளர், சரக்கு அனுப்புவோர் ஆகியோருடன் பாய்மரக்கல உரிமையாளரையும் சேர்த்திருந்தது. கூடவே ஒரு தடை: கழகத்தின் வேலையிலோ ஒப்பந்தத்திலோ பங்குடையவர் உறுப்பினராதல் கூடாது. தடைக்கு விலக்குகளும் உண்டு. கழகத்தின் விளம்பரம் வெளிவரும் பத்திரிகையில் பங்கிருப்பது குற்றமன்று; கழகத்திற்குக் கடன் கொடுத்திருப்பதும் குற்றமன்று. சட்டம் எழுதியவர் உலக நடப்பு அறிந்தவர்தாம்!

ஆயினும் நான் பெரிதாக மதிப்பது வேறொரு விதியை. கூட்டத்தில் தமக்குப் பண ஆதாயமுள்ள பொருள் வந்தால், அதன் விவாதத்திலும் முடிவிலும் உறுப்பினர் கலந்துகொள்ளலாகாது. அறிவை ஏற்று ஆசையை மட்டும் வாயிலில் நிறுத்தும் ஏற்பாடு இது.

2021-இல் வந்த புதிய சட்டம் பழையதை நீக்கியது. 2011 முதல் வ. உ. சிதம்பரனார் பெயர் தாங்கும் இத்துறைமுகத்திற்கும் அதுவே விதி. தலைவர், துணைத்தலைவர், மாநில அரசு, இரயில்வே, பாதுகாப்பு, சுங்கம் ஆகியவற்றுக்கு ஒவ்வொருவர், மத்திய அரசின் நியமனம் ஒருவர், ஊழியர் சார்பில் இருவர், சுயேச்சை உறுப்பினர் இருவர் முதல் நால்வர் வரை; சபை சிறிதாயிற்று. பங்காளித் தொல்லையும் குறைந்திருக்கும். ஆனால் பாய்மரக்கல உரிமையாளர் என்று பெயர் சொல்லி வைத்த இடம் அதில் இல்லை. தோணித்துறையின் குறை அச்சபையை எட்டவேண்டுமானால், அது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் மனுவாகவே எட்டவேண்டும்.